ஹாரன் படுத்திருந்த வண்டி

அவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். ஓட்டுவது அல்ல. இரண்டும் ஒன்றில்லை என்பது அவருக்கே ஒரு மழைக்காலக் காலையில்தான் தெரிந்தது.

நேரில் மாஸ்டர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பிரேக்கு. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார, இவர் பக்கத்து சீட்டில் உட்காருவார். இவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். எதிரே காகிதம் பறந்தாலும் கால் அழுத்திவிடும். கால் அழுத்துவதற்கு முன்னால் வாய் கத்திவிடும்.

"பிரேக்கு! பிரேக்கு! எங்க பாத்து ஓட்டுற? ஆகாசத்துலயா ரோடு போட்டிருக்கான்?"

அடுத்த தெருவரை கேட்கும். திட்டு வாங்கியவர்களில் பாதிப்பேர் அழுதிருக்கிறார்கள். ஒருவர் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி, வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். ஆனாலும் அவரிடம் கற்றவர்கள் எங்கேயும் இடித்ததில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தனியாக ஓட்டும்போதும் காதுக்குள் மாஸ்டர் உட்கார்ந்திருக்கிறார் என்பார்கள்.

ஆள் ஒல்லி. எப்போதும் வெள்ளைச் சட்டை. வண்டியும் வெள்ளை. வெள்ளையாக இருந்தால் எதிரே வருகிறவன் கண்ணில் படும் என்பது அவர் கணக்கு.

பின்சீட்டில் ஒரு நாய் இருக்கும். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். பெயர் ஹாரன். ஒருநாள் கற்றுக்கொள்கிறவர் வண்டியைக் கிளப்பினபோது பானெட்டுக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. ஹாரன் ஒயர் எங்கோ உரசுகிறது என்று நினைத்து மாஸ்டர் இறங்கித் திறந்தார். பேட்டரிக்குப் பக்கத்தில், சூட்டுக்கு ஒண்டிக்கொண்டு, கைப்பிடி அளவில் ஒரு குட்டி உட்கார்ந்து அவரையே பார்த்தது.

"என்னங்க, கோளாறு தெரிஞ்சுதா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"தெரிஞ்சுது. ஹாரனுக்குக் கண்ணு இருக்கு."

அன்றிலிருந்து அது பின்சீட்டில்தான் வளர்ந்தது. கற்றுக்கொள்கிறவர் கிளட்சைப் படக்கென்று விட்டால் எழுந்து உட்காரும். வளைவில் வேகம் குறையாவிட்டால் சீட்டில் நகத்தை ஊன்றும். பாடம் முடியும்வரை தூங்கிவிட்டால் மாஸ்டர் சொல்வார்: "போ, லைசென்சுக்குப் போய் நில்லு. நாய் பாஸ் போட்டுடுச்சு." அதற்குமேல் அப்பீல் கிடையாது.

இத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தவர் மனைவிக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் இரண்டு நாள் முயன்றார். இரண்டாம் நாள் அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, கைக்குட்டையால் ஸ்டியரிங்கில் இருந்த தன் வியர்வையைத் துடைத்து, "எனக்கு பஸ் போதும்" என்று இறங்கிவிட்டாள். ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வேலை. அன்றிலிருந்து பஸ்தான்.

எதிர்ச்சாரியில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல். நடத்துபவருக்குப் பெரிய மீசை, அதனால் பெயரும் மீசை. அவர் கத்தவே மாட்டார். "மெதுவா... விடுங்க... அப்படித்தான்..." என்று குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் சொல்லிக்கொடுப்பார். வண்டியைக் கிளப்பும் முன் கியர் கம்பியை உள்ளங்கையால் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு தட்டிப் பார்க்க வேண்டும். நியூட்ரலில் நிற்கிறதா என்று. அது மீசையின் முத்திரை. அவரிடம் கற்றவர்கள் சாகும்வரை தட்டுவார்கள். "கியரா அது, தொட்டிலா? ஆட்டிக்கிட்டே இருக்கான்" என்பார் மாஸ்டர்.

மழைக்காலத்தில் ஒரு காலை. மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரோரம், ரிவர்ஸ் பழக்குவதற்கு வைத்திருந்த பழைய டயர்கள் அடுக்கிக் கிடந்தன. ஹாரன் இரண்டு டயர்களுக்கு நடுவே மூக்கை விட்டது. உடனே கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தது. டயருக்குள்ளிருந்து தடித்த பழுப்பு உடம்பு ஒன்று, முதுகில் சங்கிலி போலக் கறுப்பு வட்டங்களோடு, அவசரமில்லாமல் சுவர் ஓட்டைக்குள் போனது.

"விரியன்!" என்றாள் வாசலில் நின்ற மனைவி.

நாய் முன்காலால் வாயைத் தேய்த்தது. மேலுதட்டில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் வீங்கியது.

மாஸ்டர் அதை வாரி எடுத்தார். வண்டிக்குள் ஏறினார். நாயை மடியில் போட்டுக்கொண்டு கதவை அடித்துச் சாத்தினார். கால்களைப் பெடல்மேல் வைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணு," என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை.

"ஸ்டார்ட் பண்ணுன்னு சொல்றேன்ல! கல்லு மாதிரி உக்காந்திருந்தா எப்படி?"

ஸ்டியரிங் முன்னால் இருந்த காலி சீட்டைப் பார்த்துத்தான் கத்தினார். எத்தனையோ வருடமாக அந்த வண்டியில் அவர் ஏறுவது ஒரே கதவு வழியாகத்தான். அந்தக் கதவு வழியாகத்தான் அன்றும் ஏறியிருந்தார். தப்பான பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. நாயின் ஈறிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அவர் அதையே பார்த்தார்.

கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்பிய மனைவி ஒரு நொடி நின்றாள். பிறகு சுற்றி வந்து ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருத்தினாள். வண்டி கிளம்பியது.

"தூங்காதடா. ஹாரா, தூங்காத. கண்ணைத் திற," என்று மாஸ்டர் நாயின் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். அது தூங்கினால் சந்தோஷப்பட்டுப் பழகியவர், இப்போது இமையை விரலால் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

நாற்சந்தி தாண்டி, பாலம் ஏறி, சந்தைக் கூட்டத்தையும் கடந்த பிறகுதான் அவருக்கு ஏதோ உறைத்தது. வண்டி ஒரு தடவைகூடக் குலுங்கி நிற்கவில்லை. அவர் கால் ஒரு தடவைகூட பிரேக்கை அழுத்தவில்லை. தலையைத் திருப்பினார். மனைவி ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். சிக்னலில் நிறுத்தினாள். பச்சை விழுந்தது. உள்ளங்கையால் கியர் கம்பியை இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு தட்டினாள்.

மாஸ்டர் அந்தக் கையையே பார்த்தார்.

கால்நடை மருத்துவமனை என்பது மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரே அறை. இரண்டு கூண்டு. ஒன்றில் குட்டி போட்ட பூனை. இன்னொன்றுக்குக் கதவில்லை. டாக்டர் சின்ன வயசுப் பெண். நாயை மேசைமேல் போட்டதும் உதட்டைப் புரட்டிப் பார்த்தார், முன்காலில் முடியைச் சிரைத்தார், ஊசியைத் தேடினார்.

"சீக்கிரம் பாரும்மா! என்ன தேடிட்டு நிக்கிற! உசுரு போயிட்டிருக்கு!"

டாக்டர் நிமிர்ந்தார். "மாஸ்டர், என்னைத் தெரியலையா? மூணு மாசம் உங்ககிட்ட எருமைன்னு பேர் வாங்கினவ நான்."

அவர் உற்றுப் பார்த்தார். தெரிந்தது. யூ டர்ன் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிற பெண்.

"இது என் வண்டி. இங்க ஸ்டியரிங் நான். நீங்க கத்தினா அவன் நெஞ்சு வேகமா அடிக்கும், விஷம் வேகமா ஓடும். கத்தாதீங்க."

அதற்குப் பிறகு அவர் கத்தவில்லை.

டாக்டர் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் நிறுத்திவைத்தார். "இது உறையணும். உறையலைன்னா விரியன் விஷம் ஏறிடுச்சுன்னு அர்த்தம்." நேரம் கழித்துக் குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. விஷமுறிவு மருந்தைப் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்ற ஆரம்பித்தார்.

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"மீசைகிட்டயா?"

"ஆமா."

"எப்போ?"

"இப்ப அது முக்கியமா?"

"இல்ல."

ஒரு நிமிடம் போனது.

"எப்போ?"

"என்னங்க, சும்மா இருங்க."

சாயங்காலம் மறுபடி சோதித்தபோது குழாயில் ரத்தம் மெதுவாக உறைந்தது. டாக்டர் முதல் தடவையாக உட்கார்ந்தார். ஆனால் படுக்கவைக்க இடமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நாயைத் தூக்கி வண்டியின் பின்சீட்டில் போட்டபோது, அந்த ஆட்டத்துக்கே ஈறில் மறுபடி ரத்தம் கசிந்தது.

"இனிமே தூக்க வேணாம். வண்டியிலயே கிடக்கட்டும். வண்டியை வீட்டு வாசல்ல நிறுத்துங்க. நான் வந்து பாக்குறேன்," என்றார் டாக்டர். குளுக்கோஸ் பாட்டிலைப் பின்கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியில் தொங்கவிட்டார். பிறகு சொன்னார்: "விஷம் முறிஞ்சிடும். பயம் இனிமே கிட்னிதான். இந்தப் பாம்பு அங்கதான் கை வைக்கும். ஒன்னுக்குப் போகணும். போச்சுன்னா பிழைச்சான். கீழ வெள்ளைத் துணி போடுங்க, நிறம் தெரியணும். மஞ்சளா வந்தா பயமில்லை. கடுங்காப்பி மாதிரி வந்தா உடனே எனக்குச் சொல்லுங்க. வரவே இல்லைன்னா..."

"வரலைன்னா?"

"மனுஷனுக்கு ரத்தம் சுத்தம் பண்ண மெஷின் இருக்கு. நாய்க்கு இந்த ஊர்ல இல்லை, மாஸ்டர்."

வீட்டில் வெள்ளைத் துணிக்குப் பஞ்சமில்லை. மனைவி அலமாரியைத் திறந்து அவருடைய சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். "நல்லதா பாத்து எடுத்திருக்கியே," என்றார். "கிழிசலைப் போட்டா அவன் கோவிச்சுக்குவான்," என்றாள். இஸ்திரி மடிப்போடு அவை ஒவ்வொன்றாக நாய்க்கு அடியில் போயின.

மறுநாள் விடியும்போது துணி காய்ந்தே இருந்தது.

வகுப்புகள் எல்லாம் ரத்து. வகுப்பு நடக்கும் வண்டிதான் ஆஸ்பத்திரி. படிக்க வந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஹாரனின் முகம் ஒரு பக்கம் பந்தாக வீங்கி, அந்தப் பக்கத்துக் கண் காணாமல் போயிருந்தது. மூச்சு விடுவது தெரிந்தது. அவ்வளவுதான். மனைவி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்சீட்டின் ஓரத்தில் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் முன்னால் தன்னுடைய சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

பால்காரர் கேட்டார்: "போச்சா?"

"இல்ல."

பக்கத்து வீட்டு அம்மாள் பல் துலக்கிக்கொண்டே கேட்டாள்: "போச்சா?"

"இல்லீங்க."

வெளியூரில் இருந்த மகள் போன் செய்தாள். "அப்பா, ஒன்னுக்குப் போனானா?"

"இன்னும் இல்லம்மா."

"கிளாஸ் எல்லாம்?"

"கேன்சல்."

"எனக்கு அம்மை போட்டிருந்தப்ப ஒரு கிளாஸ் கேன்சல் பண்ணீங்களா?"

"நீ ஒழுங்கா ஒன்னுக்குப் போயிட்டிருந்தம்மா," என்றார். மகள் சிரித்தாள். பிறகு அழுதாள். "போனதும் உடனே சொல்லுங்கப்பா, ஆபீஸ்ல இருந்தாலும் பரவால்ல."

டாக்டர் வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முகம் சரியில்லை. "இவ்வளவு ஏத்தியிருக்கேன். இந்நேரம் ரொம்பியிருக்கணும். கொஞ்சம்தான் இருக்கு." ஓர் ஊசி போட்டார். "இது நீர் பிரியிறதுக்கு. சாயங்காலத்துக்குள்ள போகணும், மாஸ்டர். போகலைன்னா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை."

அவர் தலையாட்டினார். எருமை என்று அந்தப் பெண்ணைச் சொன்ன வாயால் ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. "யூ டர்ன் இப்ப எப்படி?" என்று கேட்டார்.

"கண்ணைத் திறந்துட்டுத்தான் எடுக்கிறேன்," என்றார் டாக்டர்.

டாக்டர் போனதும் எதிர்ச்சாரியிலிருந்து மீசை ரோட்டைக் கடந்து வந்தார். வாசலில் தயங்கினார். பிறகு பின் ஜன்னலில் குனிந்தார். "என்னடா ஹாரா, என்னடா இது," என்றார் அந்தத் தாலாட்டுக் குரலில்.

சட்டைகளின் மேல் ஒரு சத்தம். தப். தப். நாயின் வால். கடித்ததிலிருந்து அது ஆடவே இல்லை. மாஸ்டர் ஒரு பகலும் ஓர் இரவும் கெஞ்சியும் ஆடாத வால்.

மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். "இவனுக்கு உங்களை எப்படிப் பழக்கம்?"

மனைவி எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக வேறெங்கோ பார்த்தாள். மீசை மீசையைத் தடவினார். "நீங்க லைசென்ஸ் ஆபீசுக்குப் போற நாள்ல அம்மா கிளாசுக்கு வரும்போது கூட வருவான். பின்சீட்டுல."

"அப்ப நாயும் கூட்டு."

"அவன் மேல தப்பில்லைங்க. வீட்டுல தனியா விட்டா கத்துவான்னு..."

"தூங்குவானா?"

"எங்க?"

"உங்க வண்டியில. இவ ஓட்டும்போது. தூங்குவானா?"

"ரெண்டாம் நாளே தூங்கிட்டான்."

மாஸ்டரிடம் நாய் இரண்டாம் நாளே பாஸ் போட்ட ஆள் கிடையாது. அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்க வண்டி சீட்டு மெத்தைங்க. எந்த நாயும் தூங்கும்," என்றார்.

மீசை போய்விட்டார். வெயில் ஏறியது. மனைவி ஈரத்துணியால் வீங்கிய பக்கத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா கத்துவீங்க."

"கத்துக்கணும்னு ஏன் தோணுச்சு? பஸ் போதும்னவதானே?"

அவள் துணியைப் பிழிந்தாள்.

"ஒரு நாள் நெஞ்சு வலின்னு படுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? வாயுன்னு சொல்லி அனுப்பிட்டாங்களே, அன்னிக்கு. வாசல்ல வண்டி நின்னுது. ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆள் உள்ள படுத்துக் கிடந்தார். நான் தெருத்தெருவா ஓடி வாடகை வண்டி தேடினேன். வீட்டுல கிணறு இருந்தும் விக்கலுக்குத் தண்ணி இல்லாத கதை. மறுவாரமே மீசை ஸ்கூல்ல சேந்துட்டேன்."

மாஸ்டர் பிரேக்கின்மேல் வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தார்.

"கிளட்ச் இன்னும் கொஞ்சம் நிதானமா விடணும் நீ," என்றார் பிறகு.

"சரி."

"மத்தபடி... பாலத்துல இறங்கினது நல்லா இருந்துச்சு."

"இவ்வளவு மெதுவா பேசுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா உங்ககிட்டயே கத்துட்டிருப்பேன்," என்றாள். "நேத்துலேர்ந்து நீங்க கத்தவே இல்ல. எனக்குத்தான் காது அடைச்ச மாதிரி இருக்கு."

மதியம் கடந்தது. துணி காய்ந்தே இருந்தது. மூன்று மணி வாக்கில் ஹாரன் முனக ஆரம்பித்தது. முதலில் மூச்சோடு சேர்ந்து மெல்லிய கீச்சொலி. பிறகு கால்களை இழுத்துக்கொண்டு புரளப் பார்த்தது. மனைவி பிடித்துப் படுக்கவைத்தாள். மறுபடி எழ முயன்றது. பாட்டில் குழாய் ஆடியது.

"வலிக்குதுங்க அவனுக்கு. டாக்டருக்குப் போன் போடுங்க. இது அந்த வலிதான். கிட்னி..." அவள் ஆடிய குழாயைப் பிடித்து நிறுத்தினாள்.

மாஸ்டர் முன்சீட்டிலிருந்து திரும்பி மண்டியிட்டுப் பின்னால் எட்டினார். "போயிடுடா. இங்கயே போயிடு. சட்டைதானேடா, போயிடு." அதன் வயிற்றைத் தடவினார். வயிறு இறுகியிருந்தது. நாய் அவரைப் பார்த்தது. பார்த்துவிட்டு, ஏதோ செய்யக்கூடாததைச் செய்யச் சொன்னவரைப் பார்ப்பதுபோல, முகத்தைத் திருப்பிக்கொண்டது. திறந்திருந்த ஒற்றைக் கண் வேறெங்கோ நிலைத்தது. அவர் அந்தப் பார்வையின் வழியே போனார். கதவுக் கைப்பிடி.

"ஏம்மா," என்றார். "இது வண்டி."

"என்ன?"

"இது வண்டிம்மா."

"ஆமாங்க, வண்டிதான். உங்களுக்கு என்ன ஆச்சு?"

"இல்லம்மா! இது வண்டி!"

ஹாரன் குட்டியாக இருந்தபோது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பின்சீட்டில் ஒன்றுக்குப் போயிருந்தது. அன்று மாஸ்டர் கத்திய கத்தலில் எதிர்ச்சாரியில் மீசை கடையைச் சாத்திவிட்டு வந்து என்னவென்று கேட்டார். நாயை நாள் முழுக்க வண்டிப் பக்கம் விடவில்லை. அதற்குப் பிறகு மகள் கல்யாணத்துக்கு வெளியூர் போனபோதுகூட, ஒரு பழைய ஸ்டூடண்ட் பகல் முழுக்க ஓட்டிய வண்டியில் அது கால்களை இறுக்கிக்கொண்டு வந்தது. வழியில் யாரும் அதை நினைக்கவில்லை. போய்ச் சேர்ந்து கதவைத் திறந்ததும் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று கொட்டித் தீர்த்தது. இன்றைக்கும் சம்பந்தி அதைச் சொல்லிக் காட்டுவார்.

"அவன் அடக்கிட்டிருக்காம்மா," என்றார். "என் பேச்சைக் கேட்ட ஒரே ஸ்டூடண்ட் இவன்தான். செத்தாலும் வண்டியில போகமாட்டான்."

டாக்டரிடம் போனில் சொன்னார்.

"இதை ஏன் மாஸ்டர் முன்னாடியே சொல்லலை?"

"நீ கேக்கலையேம்மா."

"தூக்குங்க. ஆனா மெதுவா. வயித்துல கை அழுந்தக் கூடாது. ரத்தம் கசிஞ்சா அப்படியே கிடத்திடுங்க. துணி போட மறந்துடாதீங்க, நிறம் வேணும் எனக்கு. நான் கிளம்பிட்டேன்."

இருவரால் முடியாது. ஒருவர் பாட்டிலைப் பிடிக்க வேண்டும், நாயை இரண்டு பேர் தூக்க வேண்டும். மாஸ்டர் எதிர்ச்சாரியைப் பார்த்தார். மீசை ஏற்கனவே கடை வாசலில் நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கையைத் தூக்கினார். இத்தனை வருடத்தில் அந்தத் திசையில் அவர் கை தூக்கியது அதுதான் முதல் தடவை. மீசை ஓடி வந்தார்.

நாய்க்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்தார்கள். தலைப்பக்கம் மீசை, வால்பக்கம் மாஸ்டர். மனைவி பாட்டிலைக் கழற்றி உயர்த்திப் பிடித்தாள்.

"நான் பின்னால வர்றேன், நீங்க அப்படியே நேரா..." என்றார் மாஸ்டர்.

"லெஃப்ட்ல ஒடிச்சுக்குங்க, கதவு இடிக்குது."

"எனக்குத் தெரியும், நீங்க மூக்கைப் பாருங்க."

"மெதுவா... விடுங்க... அப்படித்தான்..."

"என்னை ஸ்டூடண்டாக்காதீங்க!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் மனைவி. மூடினார்கள்.

வேலியோரம் புல் இருந்த இடத்தில் நாயை நிறுத்தினார்கள். கால்கள் துவண்டன. துண்டின் இரு முனையையும் மாஸ்டர் வாங்கிக்கொண்டு அதை நிறுத்திவைத்தார். அப்போதுதான் துணி ஞாபகம் வந்தது. வண்டியில் இருந்ததெல்லாம் ரத்தமும் மருந்தும் பட்டவை. மாஸ்டர் கையை எடுக்க முடியாது. மனைவி ஒற்றைக் கையால், அவர் அன்று காலை மாற்றிப் போட்டிருந்த சட்டையின் பொத்தான்களைக் கழற்றினாள். மீசை துண்டை மாற்றிமாற்றிப் பிடிக்க, ஒவ்வொரு கையாக உருவி நாய்க்கு அடியில் விரித்தாள். பனியனோடு நின்றார். பக்கத்து வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்தாள். கற்றுக்கொள்ள வந்த யாரோ இரண்டு பேர் கேட்டருகில் நின்றார்கள்.

ஈறில் ரத்தம் இல்லை.

நாய் காலைப் பரப்பியது. நின்றது. எல்லோரையும் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"இத்தனை பேர் பாத்தா எனக்கே வராது," என்றார் மீசை.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க," என்றார் மாஸ்டர்.

திரும்பினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் திரும்பினாள். கேட்டருகே நின்றவர்கள் திரும்பினார்கள். மீசை ரோட்டைப் பார்த்து நின்று கண்ணையும் மூடிக்கொண்டார். மனைவி பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி சுவரைப் பார்த்தாள். மாஸ்டர் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் திருப்பி, எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தார். துண்டு வழியாக நாயின் உடம்பு நடுங்குவது கைக்குத் தெரிந்தது.

எங்கோ ஒரு சைக்கிள் மணி அடித்தது. ஓய்ந்தது.

பிறகு சத்தம் கேட்டது. முதலில் விட்டுவிட்டு. பிறகு நிற்காமல்.

யாரும் அசையவில்லை. மாஸ்டருக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நிறம் என்ன?"

மனைவி திரும்பிக் குனிந்தாள். அவள் சட்டையைப் பார்க்க எடுத்துக்கொண்ட நேரம் அவருக்கு நீளமாக இருந்தது.

"என்னம்மா, நிறம் என்ன?"

"மஞ்சள்."

"என்ன மஞ்சள்? இருட்டு மஞ்சளா, காப்பி கலந்த மாதிரியா? நல்லாப் பாரு."

"மஞ்சள்ங்க. மஞ்சள் மஞ்சள்." அவள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். பாட்டில் ஆடியது.

சத்தம் இன்னும் நிற்கவில்லை. மாஸ்டருக்குக் கை கடுத்தது. மீசை கண்ணைத் திறக்காமலே துண்டின் ஒரு முனைக்காகக் கையை நீட்டினார். மாஸ்டர் கொடுக்கவில்லை.

"இருங்க," என்றார். "முடிக்கட்டும்."